ஐந்தாம் பலகையின் மணிக்கூடு

எங்கள் மாவட்டச் செஸ் லீக்கில் ஒரு வருடம் முழுக்கத் தோற்காமல் இருந்த ஒரே ஆள் நான்தான். பரிசளிப்பில் என் பெயரை வாசித்தபோது நன்றாகவே கைதட்டினார்கள். அந்த வருடம் நான் ஒரு ஆட்டமும் ஆடவில்லை என்பது கைதட்டிய எல்லோருக்கும் தெரியும். அன்று தந்த கிண்ணம் இப்போதும் வீட்டில் பிரிட்ஜுக்கு மேல் இருக்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்து மாஷா அல்லாஹ் என்பார்கள். நான் தேநீர் போட எழுந்து போய்விடுவேன்.

இது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். லீக் என்றால் ஊர் அணியோடு ஊர் அணி மோதுவது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, அக்கரைப்பற்று, இறக்காமம், திருக்கோவில் பக்கத்துத் தமிழ் ஊர்கள் என்று ஊருக்கு ஒரு அணி. பெரும்போக நெல் வெட்டு முடிந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில், ஏதாவதொரு பாடசாலை மண்டபத்தில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு ஆடுவார்கள். ஒரு அணிக்கு நான்கு பலகை, நான்கு ஆண்கள். யானை வந்து அடுத்த போகத்து வயலில் இறங்கிய வாரங்களில் இறக்காமத்து ஆட்கள் இரவெல்லாம் காவலிருந்துவிட்டு வந்து, தங்கள் முறை வரும்வரை கன்னத்தில் கைவைத்துத் தூங்குவார்கள். முறை வந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள். செஸ் மணிக்கூட்டில் அவர்கள் நேரம் ஓடினால் எதிராளிக்கு நல்லதுதானே.

பிறகு மேலே இருக்கிற சங்கத்திலிருந்து ஒரு விதி வந்தது. ஒவ்வொரு அணியிலும் ஐந்தாவதாக ஒரு பெண் ஆட வேண்டும். ஒரு அணியின் பெண் வந்திருந்து மற்ற அணியின் பெண் வராவிட்டால், வந்தவளின் அணிக்கு ஒரு புள்ளி. இரண்டு பேருமே வராவிட்டால் யாருக்கும் இல்லை. இதைக் கேட்டதும் எங்கள் ஊர்களெல்லாம் கூடிப் பேசாமலே ஒரே முடிவுக்கு வந்தன. தங்கச்சியின் பெயர், மச்சியின் பெயர், மனைவியின் பெயர் என்று ஆளுக்கொரு பெயரைக் கொடுத்துவிட்டு, அந்தப் பெயர்க்காரிகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். பெயர் மட்டும் வந்து பெண் வராத ஐந்தாம் பலகை எல்லா இடத்திலும் வெறுமையாகவே கிடந்தது.

எங்கள் கல்முனை அணியின் கெப்டன் மட்டும் வேறு மாதிரி யோசித்தார். அவருக்குப் பிரதான வீதியில் ஒரு மருந்துக்கடை. மூளைக்காரர், எங்களுக்கெல்லாம் காக்கா, மூத்த அண்ணன் மாதிரி. ஒருத்தியைக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டால் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு புள்ளி சும்மா கிடைக்கும் என்று கண்டுபிடித்தார். நான் பள்ளிக்கூடக் காலத்தில் பெண்கள் அணியில் ஆடியவள் என்பது அவருடைய மனைவிக்குத் தெரியும். இரண்டு பேருமாக ஒருநாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தார்கள்.

“தங்கச்சி, நீங்க விளையாடத் தேவல்ல. வந்து இரிந்தாப் போதும்” என்றார் கெப்டன்.

“விளையாட ஆரும் வந்தா?” என்று கேட்டேன்.

“ஆரும் வர மாட்டாங்க. நீங்க அதுக்குப் பயப்படாதீங்க.”

நான் பயப்படவில்லை. எனக்கு வேண்டியதே அதுதான், யாராவது வர வேண்டும். ஆனால் அதை அவரிடம் சொன்னால் தேவையில்லாத தலையிடி என்று வேறு ஆள் தேடியிருப்பார். ஓம் என்று மட்டும் சொன்னேன்.

அப்போது என் வீடு எப்படியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கணவர் கட்டாரில், அங்கே போய் அவருக்குத் தாடி நரைத்துவிட்டது. மகள் கெம்பஸ் படிப்புக் கிடைத்துக் கண்டிப் பக்கம் போய்விட்டாள். பிரதேச செயலகத்தில் பகல் முழுக்க ஆட்களோடு கதைத்துவிட்டு வீட்டுக் கதவைத் திறந்தால், பிரிட்ஜ் உறுமும் சத்தம் ஒன்றுதான் எனக்குப் பதில் சொல்லும். தனியாகச் சாப்பிடுவது எனக்குப் பழகவே இல்லை. சோற்றுக்கு ஆணம் காய்ச்சினாலும் மூன்று பேருக்குக் காய்ச்சிவிடுவேன். மிச்சத்தை மறுநாள் நானே சாப்பிடுவேன்.

அந்த நாட்களில்தான் போனில் செஸ் ஆடத் தொடங்கினேன். கலியாணத்தோடு விட்ட விளையாட்டு கையில் அப்படியே இருந்தது. எதிரே ஆடுகிறவர் யாரென்று தெரியாது. ஒரு சின்னக் கொடி தெரியும், அவ்வளவுதான். பிரேசில், துருக்கி, இந்தோனேசியா. வென்றாலும் தோற்றாலும் ஒரு பொத்தான் அழுத்தினால் அடுத்த கொடி வரும். ஆரம்பத்தில் எழுதிக் கதைக்கவும் வழியிருந்தது. ஒருவன் நான் கலியாணமானவளா என்று கேட்டான். அன்றைக்கே அந்தப் பகுதியை மூடிவிட்டேன். அதன் பிறகு கொடிகளும் நானும்தான். எத்தனை கொடியோடு ஆடினாலும் அறையில் இன்னொரு ஆள் இருப்பது போல் ஒருநாளும் தோன்றவில்லை. ஒரு மேசை, எதிரே ஒரு மனுசி, நடுவில் ஒரு பலகை. எனக்கு அப்படி ஒரே ஒரு ஆட்டம் வேண்டும். அதற்காகத்தான் லீக்குக்குப் போனேன்.

முதல் ஞாயிறு மருதமுனையில். புது அபாயாவை இஸ்திரியில் மினுக்கிப் போட்டுக்கொண்டு போனேன், கலியாண வீட்டுக்குப் போகிறவள் மாதிரி. ஐந்தாம் பலகை மண்டபத்தின் கடைசியில், மேடைக்குப் பக்கத்தில் போடப்பட்டிருந்தது. எனக்கு வெள்ளை. நடுவர் கணித ஆசிரியர், நல்ல மனிதர். எல்லோரையும் தொடங்கச் சொன்னார். ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவிட்டு மணிக்கூட்டை அழுத்தினேன். எதிர்ப்பக்கத்து நேரம் குறையத் தொடங்கியது. அரை மணித்தியாலத்துக்குள் எதிராளி வராவிட்டால் ஆட்டம் எனக்கு. அது சட்டம்.

அந்த அரை மணித்தியாலமும் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்புச் சத்தம் கேட்டால் நிமிர்வேன். பாடசாலைக் காவல்காரர் வருவார், இல்லாவிட்டால் பால் போடாத பிளேன்டி கொண்டுவருகிறவர் வருவார். கடைசியில் நடுவர் வந்து மணிக்கூட்டை நிறுத்திவிட்டு, “வெண்டுட்டீங்க” என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார். வெற்றியை இவ்வளவு இரக்கத்தோடு அறிவித்த ஒரு மனிதரை நான் கண்டதில்லை.

அதற்குப் பிறகுதான் பாடு. மற்ற நான்கு பேரும் முடிக்கும்வரை நான் இருக்க வேண்டும், எல்லோரும் ஒரே வேனில் வந்தவர்கள். மற்றவர்கள் ஆட்டம் முடிந்தால் எழுந்துபோய் அடுத்தவர் பலகையைச் சுற்றி நின்று பார்ப்பார்கள். ஆண்களின் முதுகுக்குப் பின்னால் போய் நான் நிற்க முடியாது. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனால் நின்றால் எல்லோருக்கும் சங்கடம், எனக்கும்தான். ஆகவே ஒரு சிப்பாய் மட்டும் நகர்ந்த பலகைக்கு முன்னால் எதிராளி இருக்க வேண்டிய வெறும் கதிரையைப் பார்த்தபடி இருந்தேன். எனக்கு வரும் பிளேன்டி எல்லோருக்கும் கொடுத்து முடிந்த பிறகு, தனித் தட்டில், மரியாதையாக வரும். மரியாதை அளவுக்கு மீறினால் அதுவும் ஒரு தள்ளிவைப்புத்தான்.

அன்று பின்னேரம் கணவர் கட்டாரில் இருந்து கதைத்தார்.

“என்ன, வெண்டயா?”

“ஓம்.”

“ஆரோட?”

“ஆரோடயும் இல்ல. கதிரையோட.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வியைக் கேட்டு அதே பதிலை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நாளில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் அங்கிருந்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

எங்கள் லீக்கில் ஒரு வழக்கம் உண்டு, எந்த விதியிலும் எழுதப்படாதது. பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் நடுவர் மேசை மேசையாக நடந்து எல்லா மணிக்கூட்டையும் நிறுத்துவார். காய்கள் நின்ற இடத்தில் நிற்கும். ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போவார்கள். தமிழ் அணி வந்திருந்தால் அவர்கள் வெளியே கடைக்குப் போய்த் தேநீர் குடிப்பார்கள். தொழுகை முடிந்து எல்லோரும் வந்தபின் மணிக்கூடுகள் மறுபடி ஓடும். நான் பின்னால் உள்ள ஒரு வகுப்பறையில் தொழுதுவிட்டு மண்டபத்துக்கு வந்தால், நான்கு பாதி ஆட்டங்களும் நானும் மட்டும் இருப்போம்.

அந்த நேரத்தில்தான் நான் அவற்றைப் பார்ப்பேன். சும்மா பார்ப்பதற்கு என்ன. கெப்டனின் பலகைக்கு முன்னால் நின்றால் அவருடைய குதிரை மாட்டிக்கொண்டது எனக்குத் தெரியும், அவருக்கு இன்னும் தெரிந்திருக்காது. ஒரு நல்ல நகர்வு கண்ணில் பட்டால் உடம்பெல்லாம் பரபரக்கும். சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். அவர்கள் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் போய் என் இடத்தில் இருந்துகொள்வேன். அவர் நான் நினைத்த நகர்வுக்கு மாறாக ஏதாவது செய்து தோற்பார். அப்போது எனக்குக் கோபம் கோபமாக வரும்.

முதல் வருடம் அப்படியே போனது. ஐந்தாம் பலகைக்கென்று எனக்கு ஒரு கிண்ணம் தந்தார்கள். இரண்டாம் வருடமும் கடைசிச் சுற்று வரையில் அப்படியேதான்.

கடைசிச் சுற்று அக்கரைப்பற்றில் நடந்தது, திருக்கோவில் பக்கத்து வினாயகபுரத்து அணியோடு. அந்த வருடம் சாம்பியன் கிண்ணம் எங்களுக்கா வேறொரு அணிக்கா என்பது அன்றைய ஆட்டத்தில் இருந்தது. தோற்காவிட்டால் போதும், கிண்ணம் கல்முனைக்கு. வழமையாக ஆட்டம் மதியம் ளுஹர் தொழுகை முடிந்த கையோடு தொடங்கும், என்னுடைய அரை மணித்தியாலம் அஸருக்கு எவ்வளவோ முன்னாலேயே முடிந்துவிடும். அன்று கடைசிச் சுற்று என்று பிரதம அதிதி ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் பிந்தி வந்து, பிந்தி வந்ததற்கு மன்னிப்புக் கேட்பதிலேயே பாதிப் பேச்சை முடித்து, மீதிப் பாதியில் செஸ்ஸையும் வாழ்க்கையையும் ஒப்பிட்டார். ஆட்டம் தொடங்கப் பின்னேரமாகிவிட்டது.

சிப்பாயைத் தள்ளினேன். மணிக்கூட்டை அழுத்தினேன். வாசலைப் பார்க்கும் பழக்கத்தை அதற்குள் விட்டிருந்தேன்.

அரை மணித்தியாலத்தில் முக்கால்வாசி போனபோது பாங்கு கேட்டது. நடுவர் எழுந்தார், முதல் பலகை, இரண்டாம் பலகை, மூன்று, நான்கு என்று மணிக்கூடுகளை நிறுத்தினார். சட்டைக் கையை மடித்துக்கொண்டே வெளியே போனார். மண்டபம் வெறுமையானது. என்னுடைய மணிக்கூடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருநாளும் பாங்கு நேரத்தில் ஐந்தாம் பலகை உயிரோடு இருந்ததில்லை. நான்கு மணிக்கூட்டை நிறுத்திப் பழகிய கை நான்கோடு நின்றுவிட்டது. இலக்கம் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரப்போவதில்லை, ஓடினால் என்ன, நின்றால் என்ன என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் எனக்குத் தாங்கவில்லை. நான் அங்கே இருப்பது அவர் கண்ணில் படவில்லை என்பதல்ல, என் முன்னால் இருப்பது ஒரு ஆட்டம் என்பதே யாருக்கும் நினைவில் இல்லை. அதுதான் தாங்கவில்லை. கையை நீட்டி நடுவில் இருந்த பொத்தானை அழுத்தினேன். மணிக்கூடு நின்றது. வர வேண்டியவளுக்கு இன்னும் கொஞ்ச நேரமே மிச்சமிருந்தது. பின்பு வகுப்பறைக்குப் போய்த் தொழுதேன்.

திரும்பி வந்தபோது கதிரையில் ஒருத்தி இருந்தாள்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். முப்பது வயது இருக்கும். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பலகையில் நின்ற என் ஒற்றைச் சிப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள்.

“அக்கா, இதுதானே அஞ்சாம் போட்?”

“ஓம். இரிங்க, இரிங்க.”

“பிந்திட்டன். கோயில்ல அறநெறி வகுப்பு எடுக்கிறன், முடிய பஸ்ஸுக்கு நிண்டா பஸ் வருகுதில்ல.” அவள் மணிக்கூட்டைக் காட்டினாள். “இது நிண்டு கிடக்கே. எனக்கு நேரம் முடிஞ்சுதா?”

“இல்ல. பாங்குக்கு நிப்பாட்டின.”

“ஆரு?”

“நான்தான்” என்றேன்.

நடுவர் வராமல் ஆடக்கூடாது. அதனால் கதைத்துக்கொண்டிருந்தோம். செஸ் எங்கே பழகினாய் என்று கேட்டேன். சுனாமிக்குப் பிறகு முகாமில் இருந்த காலத்தில் யாரோ பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் கொடுத்தார்களாம். அவளுடைய பங்குக்கு ஒரு செஸ் பலகை கிடைத்ததாம். அதில் ஒரு பிஷப் இல்லை, சோடா மூடி வைத்து ஆடினார்களாம். இன்றைக்கும் பிஷப்பை எடுக்கும்போது கை மூடியைத்தான் தேடும் என்றாள். நான் சிரித்தேன். அந்த மண்டபங்களில் நான் சிரித்த முதல் தடவை அதுதான்.

ஆண்கள் திரும்பி வந்தார்கள். எங்கள் கெப்டன் கதிரையில் ஆளைக் கண்டார், மணிக்கூட்டைக் கண்டார். முகம் மாறியது.

“ஆரு இத நிப்பாட்டின?”

“நான்தான், காக்கா.”

“ஏன்?”

“பாங்கு சொன்ன.”

“பாங்கு அஞ்சாம் போட்டுக்குமா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

நடுவர் நடந்ததைக் கேட்டார். நான்கு மணிக்கூட்டையும் ஒரு தடவை பார்த்தார், பிறகு ஐந்தாவதை. “விளையாடுற ஆள் மணிக்கூட்டத் தொட்டது பிழை” என்றார். “நான் நிப்பாட்டாமப் போனது அதவிடப் பிழை. விளையாடட்டும்.” பொத்தானை அவரே அழுத்தினார். அவள் உடனே ராணிப் பக்கத்துச் சிப்பாய் ஒன்றைத் தள்ளிவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நகர்வு நகர்வாக என்னால் சொல்ல முடியும். ஆனால் சொல்ல விரும்புவது அதையல்ல. எதிரே ஒரு ஆள் இருந்தால் எவ்வளவு விசயம் நடக்கிறது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். யோசிக்கும்போது அவள் வெட்டிய சிப்பாயை விரலிடுக்கில் வைத்து உருட்டுவாள். கையைத் தூக்க முன்னம் வளையல் சத்தம் போடும், அதிலேயே அவள் முடிவெடுத்துவிட்டாள் என்று தெரியும். நான் ஒரு குதிரையை அவள் எதிர்பாராத கட்டத்தில் வைத்தபோது அவள் மூச்சு சட்டென்று நின்றது. பிறகு மெல்ல விட்டாள். போனில் எந்தக் கொடியும் எனக்காக மூச்சை நிறுத்தியதில்லை. எனக்குக் கண் கலங்கியது. பலகையைக் குனிந்து பார்ப்பது போல் இருந்துகொண்டேன்.

ராணிகள் வெட்டுப்பட்டன. குதிரைகளும் போயின. கடைசியில் ஆளுக்கொரு கோட்டையும் சில சிப்பாய்களுமாக நின்றோம். அதற்குள் மற்ற நான்கு பலகையும் முடிந்திருந்தது. இரண்டு எங்களுக்கு, இரண்டு அவர்களுக்கு. ஆண்களுக்கு வேறு பார்க்க ஒன்றுமில்லை. ஒருவர் பின் ஒருவராக வந்து எங்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். ஐந்தாம் பலகை எந்தப் பக்கம் போடப்பட்டிருக்கிறது என்று சிலருக்கு அன்றுதான் தெரிந்திருக்கும்.

அவள் ஒரு நகர்வு வைத்துவிட்டு, மணிக்கூட்டை அழுத்த முன்னம் என்னைப் பார்த்தாள்.

“அக்கா, ட்ரோ?”

நியாயமான கேள்வி. பலகையில் இரண்டு பேருக்கும் சமன்தான். ஓம் என்றால் ஆளுக்கு அரைப் புள்ளி, மொத்தத்தில் இரண்டு அணியும் சமன், கிண்ணம் எங்களுக்கு. பின்னால் கெப்டன் பக்கத்தில் நின்றவருக்குச் சொல்வது மாதிரி “ட்ரோ காணும்தானே” என்றார். நடுவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். கெப்டன் வாயை மூடினார், ஆனால் தொண்டையைச் செருமிக்கொண்டே நின்றார்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கை கொடுத்தால் அவள் எழும்புவாள். கதிரை வெறுமையாகும். இவ்வளவு நாளும் காத்திருந்தது இந்த ஒரு ஆட்டத்துக்கு. அது இன்னும் கொஞ்சம் இருந்தது. கிண்ணம் யாருக்கு வேண்டும்.

“இல்ல, விளையாடுவம்” என்றேன்.

பின்னால் ஒரு பெருமூச்சு கேட்டது, யாருடையது என்று பார்க்கவில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டுச் சிரித்தாள். கோபமில்லாத சிரிப்பு, அவளுக்கும் எழும்ப மனமில்லை என்று நினைத்தேன். சமமான ஆட்டத்தை இழுத்துக்கொண்டு போனால் யாராவது ஒருவர் எங்காவது பிழை விடுவார். நான் விட்டேன். ஒரு சிப்பாயை அதிகத் தூரம் தள்ளி அதை இழந்தேன். அந்த ஒரு சிப்பாயைப் பிடித்துக்கொண்டு அவள் அவசரமில்லாமல், சுத்தமாக, என்னைத் தோற்கடித்தாள். வெளியே வெயில் தணிந்து மண்டபத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். என் ராஜாவைச் சாய்த்துவிட்டுக் கை நீட்டினேன். அவள் கை ஈரமாக இருந்தது.

“அடுத்த வருசம் வெள்ளை எனக்கு” என்றாள்.

“ஓம். கட்டாயம்.”

அங்கேயே நடந்த பரிசளிப்பில் சாம்பியன் கிண்ணம் வேறு ஊருக்குப் போனது. ஐந்தாம் பலகைக்கான பரிசு அந்த வருடமும் எனக்கே வந்தது, வேறு யாருக்கும் அவ்வளவு புள்ளி இல்லை. மேடையில் ஏறினேன். எங்கள் அணி கைதட்டவில்லை. பின் வரிசையில் இருந்து அவள் மட்டும் நின்று தட்டினாள். நான் இறங்கி வருவதற்குள் அவர்களுடைய வேன் ஹோன் அடித்தது, அவள் கையைக் காட்டிவிட்டு ஓடினாள். எங்கள் வேனும் புறப்படத் தயாராக இருந்தது. ஒரு போன் நம்பர் வாங்க எவ்வளவு நேரம் எடுக்கும். அந்த நேரம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

வழமையாக நிந்தவூரில் நிறுத்தி வடை வாங்குவார்கள். அன்று நிறுத்தவில்லை. காரைதீவைத் தாண்டினோம். பிறகு முன் இருக்கையில் இருந்து, திரும்பாமலே, கெப்டன் கேட்டார்.

“தங்கச்சி, கேட்ட ட்ரோவ ஏன் குடுக்கல்ல?”

“முடிஞ்சிரும் எண்டுதான், காக்கா.”

“என்ன முடிஞ்சிரும்?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதை வேனுக்குள் விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு கணவர் கதைத்தார். “வெண்டயா?” என்றார்.

“தோத்த.”

“ஆரோட?” என்று கேட்டார், இந்த முறை கேட்கும் விதமே வேறு. நான் சொல்லத் தொடங்கினேன். வளையலைச் சொன்னேன், சோடா மூடியைச் சொன்னேன், மூச்சைச் சொன்னேன். “தோத்திட்டுச் சந்தோசமாக் கதைக்கிற” என்றார். “ஓம்” என்றேன். இன்னும் சொல்ல இருந்தது. ஆனால் அவருக்கு இரவு வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

இந்த வருடம் பெரும்போகம் வெட்டி முடிந்ததும் லீக்கின் வாட்சப் குழுவில் அறிவித்தல் வந்தது. இனிமேல் அணிக்கு நான்கு பலகை. பெண்கள் போதியளவு பங்குபற்றாதபடியால் ஐந்தாம் பலகை நிறுத்தப்படுகிறது. கூட்டத்தில் அதை முன்மொழிந்தவர் எங்கள் கெப்டன் என்று பிறகு தெரிந்தது. மேலே இருக்கிற சங்கம் என்ன சொன்னது என்று தெரியவில்லை. ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே மருந்துக்கடைக்குப் போனேன். பனடோல் வாங்க வந்த ஆட்கள் போகும்வரை ஒதுங்கி நின்றேன்.

“ஏன் காக்கா நிப்பாட்டின?”

“நான் என்ன செய்ய, தங்கச்சி. இரண்டு வருசத்தில ஒரு கேம்தானே நடந்த.”

“அந்த ஒண்டயும் நான்தானே விளையாடின.”

அவர் மேசையில் இருந்த மருந்துப் பெட்டிகளை அடுக்கினார். கெட்ட மனிதர் இல்லை. என் தோல்வியை மன்னித்திருப்பார், நான் ஆட ஆசைப்பட்டதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. ஆடாமலே இரண்டு வருடமாகச் சேர்ந்த புள்ளிகள்தான் அந்தப் பலகை தேவையில்லை என்பதற்கு அவர்கள் காட்டிய ஆதாரம். அதையும் நானே சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

“வினாயகபுரத்துக் கெப்டனுக்கு ஒருக்கா கோல் எடுங்க” என்றேன். “அந்தப் பிள்ளைட நம்பர் வேணும்.”

எடுத்தார். கொஞ்சம் கதைத்தார். போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“அவ குவைத்துக்குப் போயிட்டாவாம். வீட்டு வேலைக்கு. இஞ்ச இரிந்த நம்பர் இப்ப வேல செய்யல்லயாம்.”

பனடோல் ஒரு அட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். தலையிடியும் இருந்ததுதான்.

லீக் நடக்கிறது. ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் அணியின் வேன் என் வீட்டு வீதியால் போகிறது. நான் வீட்டில் இருந்து போனில் ஆடுகிறேன். பிரேசில், துருக்கி, இந்தோனேசியா. இடைக்கிடை குவைத்துக் கொடி வரும். முதல் தடவை வந்தபோது, மூடி வைத்திருந்த எழுதும் பகுதியைத் திறந்து, “வினாயகபுரமா?” என்று தமிழில் கேட்டேன். ஒரு கேள்விக்குறி வந்தது, ஆள் போய்விட்டார். அதன் பிறகு நான் கேட்பதில்லை. கேட்டால் இல்லையென்று தெரிந்துவிடும்.

போன கிழமை மறுபடி ஒரு குவைத்துக் கொடி. வெள்ளை அந்தப் பக்கத்துக்கு விழுந்தது. ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாய் இரண்டு கட்டம் வந்தது. நான் சாய்ந்திருந்த கதிரையில் நிமிர்ந்து இருந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டேன். நன்றாகத்தான் ஆடினார், யாராக இருந்தாலும். ராணிகள் போயின, குதிரைகள் போயின. கோட்டையும் சில சிப்பாய்களும் மிச்சமாக, இரண்டு பேருக்கும் சமனாக இருந்த நேரத்தில் திரையில் ஒரு சின்னக் கேள்வி வந்தது. எதிராளி சமநிலை கேட்கிறார், சம்மதமா.

அஸர் பாங்கு கேட்டுக்கொண்டிருந்தது. போனில் மணிக்கூட்டை நிறுத்த வழியில்லை. நான் வேண்டாம் என்று அழுத்தினேன்.